கத்தரிக்கோல் மடங்காத காலை: ஹார்மோன் தடுப்பு மாத்திரைகளோடு நாள் ஓட்டுவது எப்படி

புதுக்கோட்டையில் இருபத்தாறு வருடமாக ரவிக்கை தைக்கிறேன். மார்பகப் புற்றுநோய் திரும்பி வராமல் இருக்க லெட்ரோசோல் மாத்திரை தொடங்கிய மூன்றாவது மாதம், ஒரு காலையில் கத்தரிக்கோலின் வளையத்துக்குள் கட்டைவிரலை நுழைத்தேன். விரல் நுழைந்தது, மடங்கவில்லை. ஊசியில் நூல் கோர்க்க அன்று பக்கத்துக் கடைப் பையனைக் கூப்பிட வேண்டியதாயிற்று. கீமோவில் முடி கொட்டியபோதுகூட நான் அழவில்லை. அன்று அழுதேன்.

இதை எழுதுவது அந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்காக. அறுவை முடிந்துவிட்டது, கீமோவும் கதிர்வீச்சும் முடிந்துவிட்டன, ‘எல்லாம் சரியாகிவிட்டது’ என்று ஊர் சொல்கிறது. தினமும் ஒரு சின்ன மாத்திரை மட்டும் மிச்சம். ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம். அந்தச் சின்ன மாத்திரை செய்கிற வேலையைப் பற்றி வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

முதலில் மாத்திரை என்ன செய்கிறது என்று என் தொழில் பாஷையில் சொல்லிவிடுகிறேன். ரவிக்கையில் கொக்கி ஒரு பக்கம், அது மாட்டுகிற வளையம் மறுபக்கம். எங்களைப் போன்றவர்களின் கட்டியில் அந்த வளையங்கள் நிறைய இருக்கும். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன்தான் கொக்கி. அது வந்து மாட்டினால் செல் வளரும். டமாக்சிஃபென் முந்திக்கொண்டு போய் வளையத்தில் உட்கார்ந்துவிடும், கொக்கிக்கு இடமிருக்காது. லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸமெஸ்டேன் மூன்றும் வேறு வகை. அவை கொக்கி செய்கிற பட்டறையையே மூடுகின்றன. மாதவிடாய் நின்ற பிறகும் உடம்பின் கொழுப்பு, தசை போன்ற இடங்களில் அரோமட்டேஸ் என்ற நொதி கொஞ்சம் கொஞ்சமாக ஈஸ்ட்ரோஜன் செய்துகொண்டிருக்கும். அந்த நொதியைத்தான் இவை தடுக்கின்றன.

இது தெரிந்தால் தொந்தரவுகள் ஏன் வருகின்றன என்பதும் விளங்கும். மூட்டு, எலும்பு, தோல், பிறப்புறுப்பு, உடல்சூட்டை நிதானிக்கிற மூளைப்பகுதி எல்லாம் அந்த ஹார்மோனை நம்பி இருந்தவை. திடீரென்று ரேஷனை நிறுத்தினால் ஒவ்வொன்றும் குரல் எழுப்பும்.

எனக்கு நாற்பத்தேழு வயதில் இடது மார்பில் அறுவை நடந்தது. மூன்று வருடம் டமாக்சிஃபென் 20 மில்லிகிராம். பிறகு மாதவிடாய் உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு லெட்ரோசோல் 2.5 மில்லிகிராம். இப்போது எக்ஸமெஸ்டேன். அந்த ரத்தப் பரிசோதனை முக்கியம். கீமோவால் மாதவிடாய் நின்றிருந்தால் அது தூங்குகிற சினைப்பையாகவும் இருக்கலாம். லெட்ரோசோல் வகை மாத்திரைகள் அதைத் தட்டி எழுப்பிவிடக்கூடும். சினைப்பை இன்னும் வேலை செய்கிற இளம் வயதினருக்கு இந்த வகையைக் கொடுத்தால், அதை அடக்கும் ஊசியும் சேர்த்துத்தான் கொடுப்பார்கள்.

நான் செய்த தவறு

தீபாவளித் தையல். கடையில் நூற்றுக்கும் மேல் ரவிக்கைத் துணி குவிந்திருந்தது. விரல் மடங்கவில்லை, முட்டி வலியில் தையல் மெஷினின் மிதியை மிதிக்க முடியவில்லை. புரட்டாசி முதல் வாரம் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினேன். இரண்டு மூன்று வாரத்தில் வலி இறங்கியது. நாற்பது நாள் அப்படியே ஓட்டிவிட்டேன். வீட்டில் தினமும் ‘மாத்திரை போட்டாயா’ என்று கேட்பார்கள், போட்டேன் என்பேன்.

ஏன் மருத்துவரிடம் சொல்லவில்லை என்றால் அதற்கும் ஒரு கதை உண்டு. முதன்முதலில் வலியைச் சொன்னபோது ஒரு மருத்துவர், “உயிரோடு இருக்கிறீர்களே, அது போதாதா அம்மா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அதற்குப் பிறகு வாய் திறக்கவே கூச்சமாகிவிட்டது. மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கி விழுங்கத் தொடங்கியதும் அப்போதுதான். தினமும் டைக்ளோஃபெனாக். வயிறு புண்ணானதுதான் மிச்சம். சிறுநீரகத்துக்கும் அது ஆகாது என்று பிறகு தெரிந்தது.

அடுத்த பரிசோதனைக்குத் திருச்சி போனபோது வேறு ஒரு பெண் மருத்துவர் இருந்தார். பயந்துகொண்டே உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. “இந்த வகையில் மூன்று மாத்திரைகள் இருக்கின்றன. ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இரண்டு மூன்று வாரம் இடைவெளி விட்டு இன்னொன்றுக்கு மாறிப் பார்ப்போம். அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம். நீங்களே நிறுத்தினால், திரும்பி வராமல் தடுக்கிற காவலும் நின்றுபோகிறது” என்றார். எக்ஸமெஸ்டேன் 25 மில்லிகிராமுக்கு மாற்றினார். எனக்கு அது ஒத்துக்கொண்டது. உங்களுக்கு வேறொன்று ஒத்துக்கொள்ளலாம், டமாக்சிஃபெனுக்கே திரும்புகிறவர்களும் உண்டு. மூன்றும் ஒரே வேலையைச் செய்தாலும் உடம்பு மூன்றையும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை.

விரலும் முட்டியும்

மாத்திரை தொடங்கி இரண்டு மூன்று மாதத்தில் மூட்டுப்பிடிப்பு தலைகாட்டும். ஆறு மாதம் வாக்கில் உச்சத்துக்குப் போய், சிலருக்குப் பிறகு தானாகவே தணியும். இதன் குணம் இதுதான்: காலையில் எழும்போது மோசம், நடமாடினால் இளகும், இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். இதற்கு மாறாக ஒரே இடத்தில் வலி, இரவில் கூடுகிறது, நாளுக்கு நாள் ஏறுகிறது என்றால் அதை மாத்திரையின் தலையில் போடாதீர்கள். போய்க் காட்டுங்கள்.

நான் காலையில் செய்வது: எழுந்ததும் அகலமான பாத்திரத்தில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், இரண்டு கையும் பத்து நிமிடம். தண்ணீருக்குள்ளேயே விரல்களை மடக்கி விரிக்க வேண்டும். ஒவ்வொரு விரல் நுனியாகக் கட்டைவிரலைத் தொட வேண்டும். பிறகு ஈரத் துண்டை முறுக்கிப் பிழிவது, இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து. கத்தரிக்கோலை எடுப்பது அதற்குப் பிறகுதான். கனமான பழைய இரும்புக் கத்தரிக்கோலைப் பரணில் போட்டுவிட்டு, பிடி அகலமான லேசான கத்தரிக்கோல் வாங்கினேன். அம்மி அரைப்பது, தேங்காய் துருவுவது, இறுக்கமான மூடி திறப்பது ஆகியவற்றை வீட்டில் மற்றவர்களிடம் தள்ளிவிடுங்கள். கூச்சப்பட வேண்டாம். விரல் மடங்கிய நிலையில் சிக்கிக்கொண்டு ‘டக்’ என்று விடுபடுகிறதா, ராத்திரி கை மரத்துப்போய் விழிப்பு வருகிறதா, தனியாகச் சொல்லுங்கள். மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதற்கு இரவில் கட்டிக்கொள்ளும் பட்டை இருக்கிறது.

எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது நடை. வலிக்கிற மூட்டை வைத்துக்கொண்டு நடக்கச் சொன்னால் யாருக்கும் கோபம்தான் வரும், எனக்கும் வந்தது. பிசியோதெரபி பெண் ஒரு ஆய்வைச் சொன்னாள். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தினர் இதே வகை மாத்திரை சாப்பிட்டு மூட்டுவலியோடு இருந்த 121 பெண்களை வைத்துச் செய்தது. அவர்களில் ஒரு பகுதியினர் ஒரு வருடம் வாரத்துக்கு 150 நிமிட நடையும் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சியும் செய்தார்கள். அவர்களுடைய கடும் வலியின் அளவு சுமார் 29 சதவீதம் குறைந்ததாம். தூக்குகிற எடைக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு போதும் என்றாள். முதல் வாரம் தெருக்கோடிப் பிள்ளையார் கோவில்வரை, அடுத்த வாரம் பேருந்து நிலையம்வரை என்று கூட்டினேன். ஐந்தாவது வாரத்தில் மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடிக்கவில்லை என்பதை ஏறி முடித்த பிறகுதான் கவனித்தேன். அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்த பக்கத்துக் கையில் எடை தூக்குவதானால், மெதுவாகக் கூட்டுங்கள். கை வீங்கினால் நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

இவ்வளவுக்கும் மசியாத வலிக்கு மருத்துவரிடம் இன்னும் சில வழிகள் இருக்கின்றன. துலக்ஸெட்டின் என்று ஒரு மாத்திரை. அது மனச்சோர்வுக்கும் கொடுப்பது என்பதால், என்னோடு சிகிச்சைக்கு வந்த ஒரு அக்கா ‘எனக்கென்ன பைத்தியமா’ என்று சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டார். வலி கடத்துகிற நரம்பு வழியில் அது வேலை செய்கிறது, அவ்வளவுதான். அக்குபங்சர் பலன் தந்ததாகவும் நல்ல ஆய்வுகள் உண்டு. வைட்டமின் டி குறைந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அனல்

நெஞ்சிலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து முகம் என்று தீ ஏறும். இரண்டு மூன்று நிமிடம். பிறகு வேர்த்து ஊற்றி, குளிரெடுக்கும். புதுக்கோட்டையில் கத்திரி வெயிலில், மின்சாரம் போன மத்தியானத்தில், இஸ்திரிப் பெட்டியின் முன்னால் அது வந்தால் எப்படி இருக்கும் என்று குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிய கையேடுகளில் இருக்காது. கம்பளியைக் கழற்றுங்கள் என்று போட்டிருக்கும்!

நாங்கள் செய்ய முடிந்தது வேறு. இஸ்திரி வேலையை விடியற்காலைக்கு மாற்றினேன். நைலான், பாலியெஸ்டர் நைட்டி எல்லாவற்றையும் கழித்துவிட்டு மெல்லிய பருத்தி. கட்டிலில் மெத்தைக்கு மேல் கோரைப்பாய். தலைமாட்டில் மண்பானைத் தண்ணீர், நனைத்துப் பிழிந்த துண்டு, பனையோலை விசிறி. ஈரத் துண்டைப் பிடரியில் போட்டால் சீக்கிரம் அடங்குகிறது. காப்பியும் இரவுக் காரக்குழம்பும்தான் எனக்குத் தூண்டுகோல் என்று ஒரு மாதம் எழுதிப் பார்த்துக் கண்டுபிடித்தேன். காப்பியை ஒரு வேளையாகக் குறைத்தேன். முழுக்க விட முடியவில்லை, விடவும் போவதில்லை. அனல் ஏறத் தொடங்கியதும் மூச்சை மெதுவாக்குங்கள், நிமிடத்துக்கு ஆறு ஏழு மூச்சு. அனலை அது நிறுத்தாது, ஆனால் அதோடு சேர்ந்து வருகிற படபடப்பை நிறுத்தும்.

தூக்கமே போகிற அளவுக்கு இருந்தால் வென்லஃபாக்சின், இரவில் கபாபென்டின், ஆக்சிபியூட்டினின் என்று ஹார்மோன் இல்லாத மருந்துகள் இருக்கின்றன. இங்கே ஒரு எச்சரிக்கை. டமாக்சிஃபென் பெரும்பாலும் நேரடியாக வேலை செய்வதில்லை. கல்லீரலில் ஒரு நொதி அதை எண்டாக்சிஃபென் என்ற வீரியமுள்ள பொருளாக மாற்ற வேண்டும். பராக்ஸெட்டின், ஃபுளுவாக்ஸெட்டின், புப்ரோபியான் ஆகிய மனச்சோர்வு மருந்துகள் அந்த நொதியை அமுக்கிவிடும். புற்றுநோய் மருத்துவர் அல்லாத வேறு ஒருவரிடம் தூக்கமின்மைக்கோ கவலைக்கோ போனால், முதல் வாக்கியமே ‘நான் டமாக்சிஃபென் சாப்பிடுகிறேன்’ என்பதாக இருக்கட்டும்.

அன்பினால் வருகிற லேகியங்களும் உண்டு. என் நாத்தனார் தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம் கொண்டுவந்தார். பெண்களுக்கு நல்லது என்று பெயர் பெற்றது, ஈஸ்ட்ரோஜன் போலச் செயல்படும் பொருள்கள் அதில் இருப்பதாகச் சொல்கிறார்கள். வாங்கி அலமாரியில் வைத்தேன், சாப்பிடவில்லை. சாம்பாரில் போடுகிற மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம். மஞ்சள் சத்தை மாத்திரையாக்கி மிளகுச் சத்தோடு விற்கிறார்களே, அது ரத்தத்தில் எண்டாக்சிஃபென் அளவைக் குறைப்பது நெதர்லாந்தில் நடந்த ஒரு ஆய்வில் தெரிந்தது. மீல்மேக்கர் குழம்பு உணவாகச் சாப்பிடலாம், சோயாச் சத்து மாத்திரை வேண்டாம்.

யாரும் பேசாதது

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறப்புறுப்பு வறண்டுபோகிறது. எரிகிறது, அரிக்கிறது, உட்கார்ந்து தைக்கும்போதே குத்துகிறது. அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருகிறது. தாம்பத்தியம் வலியாகிவிடுகிறது. என் கணவர் நல்லவர், ஆனால் நான் விலகிப் படுப்பதை வெறுப்பு என்று ஒரு வருடம் நினைத்திருந்தார். நானும் சொல்லவில்லை. மருத்துவர் அறையில் மகள் கூடவே இருப்பாள். எப்படிக் கேட்பது? கடைசியில் பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதி, மடித்து, செவிலியர் கையில் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, “அம்மா, இங்கே வருகிறவர்களில் எத்தனையோ பேருக்கு இருக்கிறது, யாரும் சொல்வதில்லை” என்றார்.

சொன்ன வழிகள் இவை. சோப்பு வேண்டாம், வெறும் தண்ணீர். ஹார்மோன் இல்லாத ஈரப்பதக் களிம்பு என்றே மருந்துக் கடையில் கிடைக்கிறது. அதை வாரத்துக்கு இரண்டு மூன்று இரவு உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும், தாம்பத்தியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். முகத்துக்குத் தடவுவதைப் போல இதுவும் பழக்கமாக வேண்டும், ஒரு நாளில் பலன் தெரியாது. உறவின்போது நீரில் கரையும் வழவழப்புக் களிம்பு தனியாக. தேங்காய் எண்ணெயைச் சிலர் பயன்படுத்துகிறார்கள், ஆனால் ரப்பர் ஆணுறையை அது நைத்துவிடும். ஈஸ்ட்ரோஜன் கலந்த க்ரீமை மட்டும் யார் சொன்னாலும் உங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். லெட்ரோசோல் வகையில் இருப்பவர்கள் இன்னும் கவனம்.

டமாக்சிஃபென் சாப்பிடுகிற இளம் பெண்கள் கவனிக்க: மாதவிடாய் தவறினாலும் கரு தரிக்கலாம், மருந்து கருவுக்கு ஆகாது. ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை கூடாது; காப்பர்-டி போன்றதைக் கேளுங்கள். வேடிக்கை என்னவென்றால் இந்த மருந்தை 1960களில் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனத்தில் கண்டுபிடித்தபோது அவர்கள் தேடியது கருத்தடை மருந்தை. மனிதர்களிடம் அது நேர்மாறாகக் கருமுட்டை வெளிவரத் தூண்டியது.

டமாக்சிஃபெனின் ஆபத்துக் குறிகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல்: ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே ஓட வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் காட்ட வேண்டும், ஏனென்றால் மார்பில் தடுக்கிற இந்த மருந்து கருப்பையில் ஈஸ்ட்ரோஜன் போலவே நடந்துகொள்ளும். பார்வை மங்கினால் கண் மருத்துவர்.

எலும்பு வலியில்லாமல் கரைகிறது, அதனால்தான் மறந்துபோகிறோம். லெட்ரோசோல் வகை தொடங்கும்போதே எலும்பு அடர்த்தி பார்க்கிற டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள், பிறகு ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை. அதில் டி-ஸ்கோர் என்று ஒரு எண் வரும், எனக்கு மைனஸ் 1.9. மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை. கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. எள்ளும் முருங்கைக் கீரையும் நம் வாசலில் கிடைப்பவை. கால்சியம் மாத்திரையை இரும்புச்சத்து மாத்திரையோடும் தைராய்டு மாத்திரையோடும் சேர்த்துப் போடாதீர்கள், ஒன்றை ஒன்று தடுக்கும். எலும்பு கரைவதைத் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஜோலெட்ரானிக் ஆசிட் ஊசி ஏற்றச் சொன்னால், முதலில் பல் மருத்துவரிடம் போய்ப் பிடுங்க வேண்டியதைப் பிடுங்கிவிட்டு வாருங்கள். ஊசிக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகிற அபாயம் கொஞ்சம் உண்டு. எனக்கு முதல் முறை மறுநாள் காய்ச்சலும் உடம்புவலியும். இரண்டாம் முறை ஒன்றுமில்லை.

மறதியும் வந்தது. ஒரு வாடிக்கையாளரின் கை அளவை இன்னொருவர் ரவிக்கையில் வெட்டிவிட்டேன். துணிக்காசு கொடுத்தேன், வேறென்ன. முடி மெலிவதற்கும் எடை கூடுவதற்கும் எனக்குத் தெரிந்த மாயம் ஏதுமில்லை. ரத்தத்தில் கொழுப்பு அளவை வருடத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

மாத்திரைப் பட்டையை பாபின் டப்பாவில் வைத்திருக்கிறேன். காலை இட்லி சாப்பிட்டு, மெஷினில் பாபின் மாட்டும்போது மாத்திரை. எக்ஸமெஸ்டேனைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் போட வேண்டும். லெட்ரோசோல், டமாக்சிஃபெனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அனல் இரவில் தொந்தரவு செய்தால் வேளையை மாற்றிப் பார்க்கலாம். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள். விலை இடித்தால் மக்கள் மருந்தகத்தில் அதே மருந்தின் பொதுப்பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

என்னிடம் ஒரு அளவு நோட்டு உண்டு. முன்பக்கம் வாடிக்கையாளர்களின் மார்பு, இடுப்பு, கை அளவுகள். பின்பக்கத்திலிருந்து என் அளவுகள். தினமும் இரவு ஒரு வரி: விரல் வலி பத்துக்கு எத்தனை, அனல் எத்தனை முறை, எத்தனை மணி நேரம் தூங்கினேன், நடந்தேனா. ‘ரொம்ப வலிக்கிறது டாக்டர்’ என்றால் பதில் வராது. ‘லெட்ரோசோலில் எட்டு இருந்தது, இப்போது மூன்று’ என்றால் வரும்.

திருச்சிக்குப் போகிற நாளன்று பஸ்ஸிலேயே அந்தப் பக்கங்களைப் பார்த்து ஒரு சீட்டில் சுருக்கி எழுதிக்கொள்கிறேன். போன முறை எழுதியது: ‘விரல் 3, முட்டி 4. அனல் இரவில் இரண்டு. வறட்சி பரவாயில்லை, களிம்பு தொடர்கிறேன். இரண்டு நாள் மாத்திரை மறந்தேன். அடுத்த டெக்ஸா எப்போது?’ மருத்துவருக்கு எனக்கென்று ஐந்து நிமிடம்தான் இருக்கும், அதனால் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அந்தச் சீட்டை அவர் மேசையில் வைத்துவிடுகிறேன்.